நாற்றம் என்னும் செய்தி

நாற்றம் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் ஒன்று. நம் முன்னோர் கொண்ட பொருள் வேறொன்று. பழந்தமிழில் மலரின் நறுமணமும் நாற்றமே. மூக்கினால் அறியப்படுவது எதுவாயினும் அதற்கு நாற்றம் என்றே பெயர். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது, தொட்டறிதலுக்கும் சுவைத்தறிதலுக்கும் அடுத்து, மூன்றாவது அறிவாக மூக்கின் அறிவை வைத்தார். ஆகவே நாற்றத்தை உணர்தல் என்பது அறிவின் ஒரு வாயில். காலப்போக்கில் அச்சொல் கெட்ட வாடையை மட்டும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. சொல் சுருங்கியதோடு நம் பழக்கமும் சுருங்கியது. ஏதேனும் நாறுகிறது என்றால் உடனே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அல்லது கழுவி விடுகிறோம். ஏன் நாறுகிறது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் காலத்தில் கேட்கத் தவறியதால், சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு நாய்க்குட்டி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மாதம் துன்புற்றது. மாணவர்களாகிய உங்களிடம் அந்தக் கதையைச் சொல்வதில் எனக்குச் சற்று வெட்கம் உண்டு. ஏனெனில் விலங்கியல் கற்பிப்பதே என் தொழில். ஆயினும் ஆசிரியனின் வெற்றிகளைக் காட்டிலும் அவனுடைய பிழைகளே சில வேளைகளில் மாணவர்க்கு மிகுதியாகப் பயன்படும் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

அப்போது நாங்கள் நாகப்பட்டினத்தில் குடியிருந்தோம். ஆனி மாதத்தில் என் பிள்ளைகள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார்கள். அதன் தாய் எங்கள் தெருவில் திரிந்த நாட்டு நாய். தந்தை பக்கத்துத் தெருவில் வளர்ந்த லாப்ரடார் நாய் என்று சொன்னார்கள். தாயின் செந்நிறமும் தந்தையின் தொங்கும் காதுகளும் குட்டிக்கு வாய்த்திருந்தன. மணி என்று பெயரிட்டோம். இரண்டு மாதக் குட்டியாக வந்த மணி, புரட்டாசி முடிவதற்குள் வீட்டின் செல்லப் பிள்ளையாகிவிட்டது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே கடற்கரை ஊர்களில் காற்று ஈரம் சுமந்து கனத்துவிடும். அந்த நாட்களில்தான் மணியிடமிருந்து ஒரு வாடை எழத் தொடங்கியது. மழையில் நனைந்த நாய்க்கு ஒரு வாடை உண்டு என்பதை யாவரும் அறிவர். இது அதுவன்று. புளித்த மாவையும் பழைய எண்ணெயையும் கலந்து வைத்தாற்போன்ற ஒரு நெடி. மணி கூடத்துக்குள் நுழைந்தால் அடுக்களையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். விருந்தினர் வந்தால் அதனைக் கொல்லையில் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாள் என் மனைவி, "இந்த வாடையோடு இனி இதை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது. ஒன்று, இதற்கு ஒரு வழி செய்யுங்கள். இல்லையென்றால் தோப்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே காற்றாட இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது.

நான் செய்த வழி யாது? குளிப்பாட்டினேன். வாரம் ஒரு முறை என்றிருந்ததை நாள்தோறும் என்று மாற்றினேன். நாங்கள் தேய்த்துக் குளிக்கும் சோப்பையே மணிக்கும் தேய்த்தேன். வேப்பிலையை வேகவைத்த நீரில் மஞ்சள் கலந்து ஊற்றினேன். கடையில் விற்கும் வாசனைத் தூளையும் வாங்கித் தூவினேன். மீன் கலந்த சோற்றை நிறுத்திப் பார்த்தேன். படுக்கும் சாக்கை மாற்றினேன். காலையில் குளித்த மணி நண்பகல் வரையில் மணமாக இருக்கும். மாலையில் பழைய வாடை வந்துவிடும். சில நாட்களில் முன்னிலும் மிகுதியாக வந்தது. அதற்கு நான் கண்ட மருந்து, இன்னும் அழுத்தித் தேய்ப்பதே. "முதலில் உற்றுநோக்குங்கள், பிறகு முடிவு கட்டுங்கள்" என்று கல்லூரியில் முழங்குகின்ற நான், வீட்டில் முடிவை முதலில் கட்டிக்கொண்டேன், உற்றுநோக்கவே இல்லை.

தீபாவளிக்கு என் அத்தை வந்திருந்தார். பள்ளிக்கூடம் சென்று நெடுநாள் படித்தவரல்லர். நாற்பது ஆண்டுகள் மாடு கன்றுகளோடு வாழ்ந்தவர். இரண்டு நாள் திண்ணையில் அமர்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் வாளியும் சோப்புமாகக் கிளம்பியபோது, "ஏனப்பா, இந்தக் குட்டி தலையை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டிருக்கிறதே, கவனித்தாயா? ஓயாமல் வலது காதைப் பின்னங்காலால் பிறாண்டுகிறது. நீ உடம்பையெல்லாம் கழுவுகிறாய். காதை ஒரு தரம் மோந்து பார்த்தாயா?" என்று கேட்டார்.

வாளியை வைத்துவிட்டு மணியின் காது மடலைத் தூக்கினேன். உட்புறம் சிவந்து தடித்திருந்தது. பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கு படிந்திருந்தது. ஒன்றரை மாதமாக நான் துரத்திக்கொண்டிருந்த நெடி அங்கிருந்து நேராக என் மூக்கில் ஏறியது. விரல் பட்டதும் மணி மெல்ல முனகியது; கடிக்கவில்லை. அந்த முனகலை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றே கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அவர் மணியை மூக்கிலிருந்து வால் வரையில் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். பிறகு விளக்குப் பொருத்திய ஒரு கருவியைக் காதினுள் செலுத்திச் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று நோக்கினார். பஞ்சு சுற்றிய குச்சியால் அழுக்கைச் சிறிது எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். "வந்து பாருங்கள்" என்று என்னையும் அழைத்தார். நிலக்கடலையின் ஓடு நடுவில் இடுங்கியிருக்குமே, அத்தகைய வடிவில் ஊதா நிறச் சிற்றுருவங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. அவை ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள். மலசீசியா என்பது அவற்றின் பெயர்.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு வரலாறு உண்டு. மலசே என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரை ஒட்டி இந்த இனத்துக்குப் பெயர் அமைந்தது. நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் வகையை 1925ஆம் ஆண்டில் வைட்மன் என்பவர் விவரித்தார். அவர் அதனை எடுத்தது நாயிடமிருந்து அன்று. தோல்நோய் கண்ட ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடமிருந்து. அதனால் தடித்த தோலுடைய விலங்கைக் குறிக்கும் சொல் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நலமாக உள்ள நாயின் தோலிலும் காதிலும் இப்பூஞ்சை சிறிதளவு வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அப்போது அதனால் தீங்கில்லை. ஈரமும் நெய்ப்பசையும் வெப்பமும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் அது பன்மடங்காகப் பெருகுகிறது. தோலின் நெய்ப்பொருளை அது சிதைக்கிறது. தோல் அழன்று மேலும் நெய்யைச் சுரக்கிறது. அந்த நெடி இவ்வாறு பிறப்பதே.

இனி, நாயின் உடலமைப்பைச் சிறிது நோக்குவோம். நாம் உடல் முழுவதும் வியர்க்கிறோம். நாய் அவ்வாறு வியர்ப்பதில்லை. வெப்பத்தைத் தணிக்கும் நீர்த்த வியர்வை அதன் பாதங்களின் அடிப்பகுதியிலேதான் சுரக்கிறது. எஞ்சிய வெப்பத்தை நாக்கை நீட்டி இரைத்துப் போக்கிக்கொள்கிறது. உடலின் மற்றப் பகுதிகளில் மயிர்க்கால்தோறும் நெய்ச்சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் நெய் மயிருக்கு மெருகூட்டுகிறது, தோலைக் காக்கிறது. நாய்க்கு இயல்பாக உள்ள மெல்லிய வாடை இந்த நெய்யிலும், அதில் வாழும் நுண்ணுயிர்களிலும் தோன்றுவது. அதனை முற்றிலும் போக்க முடியாது; போக்கவும் கூடாது. நாய்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது பெரிதும் வாடையைக் கொண்டுதான்.

மேலும், நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது. நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. நமக்கென்று செய்த சோப்பு அதற்குப் பொருந்தாது. நாள்தோறும் அதனைத் தேய்த்தால் காக்கும் நெய் கழுவப்பட்டுத் தோல் வறண்டு வெடிக்கும். நுண்ணுயிர்கள் நுழைய வழி பிறக்கும். நாற்றத்தைப் போக்குவதாக எண்ணி நாற்றத்துக்கு வாயில் திறந்துவிடுகிறோம்.

காதின் அமைப்போ இன்னும் நுட்பமானது. நம் காதின் வழி ஏறக்குறைய நேராக உள்ளே செல்கிறது. நாயின் காதுவழி முதலில் கீழ்நோக்கி இறங்கி, மடக்கிய முழங்கைபோல் வளைந்து, அதன்பின் உள்ளே திரும்புகிறது. அதனுள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. மேலே தொங்கும் மடல் கதவுபோல் மூடிக்கொண்டால் காற்றும் புகாது. நான் நாள்தோறும் ஊற்றிய நீர் அங்கேதான் தங்கியிருந்தது. "வாடை முதலில் எதனால் தொடங்கிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதை வளர்த்தது உங்கள் குளியல்தான்" என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அவர் கற்பித்த ஒரு முறையை உங்களுக்குச் சொல்கிறேன். இளம் நாய் ஒன்று விடாமல் நாறினால், "நாய் நாறுகிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நாயின் எந்த இடம் நாறுகிறது என்று கேளுங்கள். அதற்கு ஐந்து இடங்களைத் தனித்தனியே ஆராய வேண்டும்.

முதலாவது வாய். நாய்க்குப் பால்பற்கள் 28, நிலைப்பற்கள் 42. குட்டியின் மூன்றாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையே பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அக்காலத்தில் வாயில் சிறிது வாடை எழுவது இயல்பு. ஆனால் சில குட்டிகளுக்குப் பால்பல் விழாமலே அதன் அருகில் நிலைப்பல் முளைத்துவிடும். இரண்டுக்கும் இடையில் உணவு சிக்கி அழுகும், ஈறு வீங்கும். அத்தகைய பல்லை மருத்துவர் அகற்ற வேண்டும்.

இரண்டாவது காது. அதனைப் பற்றி முன்னரே சொன்னேன். பூஞ்சையே அன்றிப் பாக்டீரியாக்களாலும், காதில் வாழும் நுண்ணிய உண்ணிகளாலும் காது சீழ்ப்பிடிக்கலாம். உண்ணிகளால் வரும் அழுக்கு, காப்பிப் பொடியைத் தூவினாற்போல் கறுத்து உதிரியாக இருக்கும். தலையை உதறுதல், சாய்த்தல், பிறாண்டுதல் ஆகியவை காதுநோயின் அறிகுறிகள்.

மூன்றாவது தோல். தெள்ளுப்பூச்சிக் கடி, சொறி, ஒவ்வாமை ஆகியவற்றால் தோல் புண்பட்டால் அங்கே நுண்ணுயிர்கள் பெருகும். அக்குளிலும், அடிவயிற்றிலும், கழுத்தின் மடிப்புகளிலும் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஆதலின் இளம் நாயின் தோலில் அரிப்பும் வாடையும் சேர்ந்து மீண்டும் மீண்டும் வந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும்.

நான்காவது பாதம். வறுத்த சோளத்தின் மணம்போல மெல்லிய வாடை அங்கே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விரலிடுக்குகள் சிவந்து, நாய் ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தால் அது நோய்.

ஐந்தாவது வாலின் அடிப்பகுதி. மலவாயின் இரு புறமும் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் ஊறும் நீர், கெட்ட மீனின் நெடி உடையது. இயல்பாக மலம் கழிக்கும்போது அது வெளியேறிவிடும். பை அடைத்துக்கொண்டால் நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகரும். பழக்கமில்லாதவர்கள் அப்பையைப் பிதுக்க முயல்வது தவறு. அது கிழிந்து சீழ்ப்பிடிக்கக்கூடும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தடுப்பூசி போடாத குட்டி சோர்ந்து, உணவை மறுத்து, இரத்தம் கலந்து கடும் நாற்றத்தோடு கழிந்தால், அது பார்வோ என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். 1978ஆம் ஆண்டளவில் உலகம் அறிந்த அந்நோய், குட்டிகளைச் சில நாட்களிலேயே கொல்லவல்லது. அப்போது நாளை என்று தள்ளாமல் அந்த நேரமே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மணிக்கு மருத்துவர் செய்த சிகிச்சை எளியது. காதைக் கழுவும் நீர்மம் ஒன்றும், பூஞ்சையை ஒழிக்கும் சொட்டு மருந்து ஒன்றும் கொடுத்தார். நீர்மத்தைக் காது நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து மெல்லப் பிசைந்து, குட்டி தலையை உதற விட்டு, வெளிவரும் அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். குச்சியை உள்ளே விடலாகாது. அழுக்கை அது மேலும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். காதில் எண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் தீங்கு. பொருந்தாத மருந்தும் தீங்கு. அதனால்தான் அவர் முதலில் செவிப்பறையை நோக்கினார். மனிதருக்கான களிம்புகளையும், தரை கழுவும் பினாயிலையும், வாசனைத் தைலங்களையும் நாயின் மேல் பூசக் கூடாது என்றும் எச்சரித்தார். நம்மினும் பன்மடங்கு கூரிய மோப்பம் உடைய உயிருக்கு, நாம் நறுமணம் என்று பூசுவதே பெரும் வேதனையாகலாம் அன்றோ?

குளியலைப் பற்றியும் ஒரு விதி சொன்னார். நலமுள்ள நாய்க்கு மாதம் ஒரு முறையோ, அழுக்கானபோதோ குளியல் போதும். நாய்க்கென்று செய்த ஷாம்புவையே பயன்படுத்த வேண்டும். நோய்க்காக மருந்து ஷாம்பு கொடுத்தால், அது தோலில் பத்து நிமிடமேனும் ஊற வேண்டும். உடனே கழுவினால் பயனில்லை. குளிப்பாட்டும்போது காதில் நீர் புகாமல் காக்க வேண்டும். குளித்தபின் நன்றாகத் துவட்ட வேண்டும். ஈரம் ஆவியாகும்போது மயிரில் தங்கிய வாடைப் பொருள்களும் உடன் எழுகின்றன. நனைந்த நாய் மிகுதியாக நாறுவதன் காரணம் இதுவே.

நான்கு நாட்களில் மணி தலையை நிமிர்த்தியது. பத்து நாட்களில் வாடை நின்றுவிட்டது. "வாடை நின்றதே, மருந்தை நிறுத்திவிடலாமா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "வாடை நின்றது உங்கள் மூக்குக்கு, நுண்ணோக்கியும் அப்படிச் சொல்லட்டும்" என்றார் அவர். மூன்று வாரம் கழித்து மறுபடியும் தகட்டில் பார்த்த பிறகே நிறுத்தச் சொன்னார். மீண்டும் மீண்டும் வந்தால் உணவு ஒவ்வாமையையும் ஆராய வேண்டும் என்றார். அதற்கு, நாய் முன்பு உண்டறியாத ஒரே வகைப் புலால் உணவை, வேறொன்றும் கலவாமல், குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் நல்வினை, அதற்குத் தேவை ஏற்படவில்லை. மழைக்காலங்களில் வாரம் ஒரு முறை காது மடலைத் தூக்கிப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் எங்கள் வீட்டு வழக்கமாயின. தோப்புக்காரரைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. குட்டியின் சாக்கைத் தன் கட்டிலின் அருகிலேயே போட்டுவைத்தாள் என் மனைவி.

மாணவர்களே, இதில் நாயைப் பற்றிய செய்தி பாதி. நம்மைப் பற்றிய செய்தி மறுபாதி. எங்களுக்குத் தொல்லையாக இருந்தது வாடை. மணிக்குத் தொல்லையாக இருந்தது வலி. நான் என் தொல்லைக்கு மருந்து தேடினேன்; அதன் தொல்லையைத் தேடவில்லை. வாயில்லாத உயிர் தன் நோயைச் சொல்லச் சில வழிகளே உண்டு. தலையைச் சாய்க்கும், காலால் பிறாண்டும், உணவை மறுக்கும், நாறும். அவற்றுள் நாற்றம் ஒன்றே நாம் வேண்டாமென்றாலும் நம்மைத் தேடி வந்து சேர்கிறது. அதனை வாசனைத் தூளால் மூடுவது, தந்தி கொண்டுவந்தவனைப் படலைச் சாத்தி வெளியே நிறுத்துவது போன்றது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குட்டி நாறுகிறது என்று யாரேனும் மூக்கைச் சுளித்தால், நீங்கள் சற்றே குனிந்து, அதன் காது மடலைத் தூக்கிப் பாருங்கள். வாளியும் சோப்பும் பிறகு வரட்டும்.